நாலு விரக்கடை

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, அரியலூரில் வேதியியல் ஆசிரியை ஷாலினி மேரியின் வீட்டில் கடல்நீர்த் தொட்டியின் அடிக்கண்ணாடி விரிசல் விட்டு, முந்நூறு லிட்டர் தண்ணீர் கூடத்தில் ஓடியது.

மீன்கள் செத்தன. ஒரே கல்லில் ஐந்து சதைத் தலைகள் கொண்ட பச்சைப் பவள உயிரி ஒன்றுதான் உயிரோடு பெரம்பலூர் போய்ச் சேர்ந்தது. அங்கே மேகலா வீட்டிலும் அப்படியொரு தொட்டி உண்டு. இருவரும் முன்பு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள்.

“உங்க பழுப்புப் பவளத்துக்கிட்ட மட்டும் வேணாங்க்கா. ஒரு முழம் தள்ளி, ஓரமா வைங்க” என்று சொல்லித்தான் ஷாலினி கொடுத்தாள். அந்தப் பழுப்பு வகை, விளக்கு அணைந்ததும் நூல் போன்ற கைகளை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைக் கொட்டும். கொட்டிய இடத்தில் சதை உரிந்துவிடும்.

மேகலா தினமும் போட்டோ அனுப்பினாள். 22ஆம் தேதி ஷாலினி நேரில் வந்து பார்த்தபோது, பச்சைப் பவளத்தின் ஒரு பக்கம் வெறும் வெள்ளை எலும்பு. மூன்று தலைகள் போய்விட்டன. போட்டோக்கள் எல்லாம் மறுபக்கத்திலிருந்து எடுத்தவை.

“ஓரமா வைங்கன்னு சொன்னேன்ல?”

“வூட்டுக்கு வந்ததை மூலையிலயா தள்ளுவாங்க? நடுவுல, லைட்டுக்கு நேரா வச்சேன். அதுக்காக என்னோடதையே நகத்துனேன்.”

“எவ்ளோ நகத்துனீங்க? நாலு விரக்கடை!”

“உன்னோடது பெருத்துக்கிட்டே போயி என்னோடது மேல சாஞ்சுது. அது சும்மாதான் இருந்துச்சு.”

“சும்மா இருந்ததுதான் மூணு தலைய உரிச்சுதா?”

மேகலாவின் கணவன் மணிமாறன் சிரித்தான். “பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அடிச்சுக்கிட்டாகூட யாரும் இப்புடி வந்து நிக்க மாட்டாங்கம்மா.”

“நீங்க பேசாதீங்கண்ணே. எப்பக்கா பாத்தீங்க?”

மேகலா தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். “திங்கக்கிழமை.”

“அஞ்சு நாளாச்சு. ஒரு போன்?”

“நீ கத்துவன்னுதான். பதிமூணு நாளு சோறு போட்டுருக்கேன் அதுக்கு.”

“வெட்டுற கெடாய்க்கும்தான் போடுவாங்க.”

“அப்ப தூக்கிட்டுப் போ!”

ஷாலினியால் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவளுடைய புதுத் தொட்டியில் தண்ணீர் பக்குவப்பட இன்னும் மூன்று வாரம் ஆகும். கேட்காமலே மேகலாவின் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டாள். பச்சைப் பவளத்தை எடுத்துத் தொட்டியின் கோடியில் வைத்து, நடுவில் ஒரு பாறையை நிறுத்தினாள். அவள் சட்டைக் கை நனைந்திருந்தது. மேகலா நீட்டிய துண்டை வாங்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

மிச்சமிருந்த இரண்டு தலைகளும் பிழைத்தன. ஜூலை 14 அன்று ஷாலினி வந்து எடுத்துப் போனாள். மணிமாறன்தான் கதவைத் திறந்தான்.