பைக்குள் இடது இறக்கை

முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது வாயில். கதவைத் திறந்த என்னிடம் மச்சான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தன் தங்கையின், என் மனைவியின், இறுதிச் சடங்கன்றே எல்லாம் பேசிவிட்டிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், கல்லுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று.

பின்னோக்கி நகர்ந்து மேசையில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றேன். மேசைமேல் இறக்கை இருந்தது. அவருக்கும் அதற்கும் நடுவில் நான் இருக்க வேண்டும்.

கிளைடர் கட்டுகிறவள் என் மனைவிதான். இன்ஜின் இல்லாத சின்ன விமானம். கையால் வீசினால் காற்றைப் பிடித்து ஏறும். கடையில் விற்கும் இறக்கை அவளுக்கு ஆகாது. நுரைப் பலகையைச் சூடான கம்பியால் தானே அறுப்பாள். கம்பிக்கு இரண்டு முனை. மறுமுனையைப் பிடிப்பது மட்டும் என் வேலை. மற்றதெல்லாம் அவள் போன பிறகு கெடுத்துக் கெடுத்துக் கற்றது. ரெசின் பசையையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் எடை போட்டுக் கலக்க வேண்டும். கார்பன் துணியை அதில் நனைத்து நுரைமேல் சுருக்கமில்லாமல் படியவைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பம்பால் காற்றை உறிஞ்ச வேண்டும். பை அமுக்க அமுக்கத் துணி நுரையோடு ஒட்டி இறுகும். இறுகுவதற்குள் பைக்குள் காற்று புகுந்தால் துணி கொப்புளித்துவிடும். அப்புறம் குப்பைதான்.

நாங்கள் இருவரும் கடைசியாக அறுத்தது ஒரே ஒரு ஜோடி. வலது இறக்கை முடிந்து சுவரில் சாய்ந்திருந்தது. இடதைக் காலையில்தான் பைக்குள் வைத்திருந்தேன்.

"என்ன மாப்பிள்ளை, பொம்மை செய்யிறீங்களா?" என்றார் மச்சான். மரியாதை அதோடு முடிந்தது. "இந்த எழவுக்குச் சாமான் வாங்கத்தானே அவ வண்டிய எடுத்துட்டுப் போனா. லாரிக்காரன் இல்லடா, நீதான் கொன்ன."

வலது இறக்கையை எடுத்து முழங்காலில் வைத்து முறித்தார். கார்பன் முறியவில்லை. வளைந்து, திமிறி, அவர் தாடையிலேயே அடித்தது. அதற்கும் சேர்த்து என்னை உதைத்தார். அடிவயிற்றில், பிறகு தொடையில். மேசை குலுங்கக் கூடாது என்று பின்னால் கைவிட்டு அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

"திருப்பி அடிடா. உன் உடம்புல ரத்தம்தான் ஓடுதா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது, வாயிலிருந்து சட்டைக்கு.

அப்போது துணி வெட்டும் கத்தி அவர் கண்ணில் பட்டது. அதை எடுத்து, என் தோளுக்கு மேலே கையை எட்டிப் பையில் இறக்கி இழுத்தார். உஸ்ஸென்று சத்தம். பம்ப் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

என் கைக்கு அகப்பட்டது ஒரு இரும்புக் கட்டி, பை நகராமலிருக்க வைத்தது. அவர் மணிக்கட்டில் போட்டேன். உள்ளே ஏதோ நொறுங்கியது கட்டி வழியாக என் கைக்குத் தெரிந்தது. கத்தி விழுந்தது. அடுத்ததைத் தோளில் போட்டேன். அவர் சுருண்டு உட்கார்ந்தார். மறுபடி ஓங்கினேன். அந்த உஸ் மட்டும் கேட்காமலிருந்தால் அது அவர் தலையில் விழுந்திருக்கும்.

கட்டியைப் போட்டுவிட்டுக் கிழிசலில் உள்ளங்கையை வைத்தேன். பைதான் இறக்கை என்று நினைத்திருக்கிறார்; வெறும் ஓரத்தைக் கிழித்திருந்தார். இறக்கைமேல் கீறல்கூட இல்லை. ஆனால் என் விரல்களுக்கு இடையில் காற்று புகுந்துகொண்டிருந்தது. அழுத்தமானியின் முள் இறங்கியது. ஒட்டும் டேப் எதிர் அலமாரியில். கையை எடுக்க முடியாது.

"மச்சான், அந்த டேப்ப எடுங்க."

தரையில் கையைப் பிடித்துக்கொண்டு என்னையும் என்னைப் பெற்றவளையும் சேர்த்து ஏசினார்.

"அவ அன்னைக்கு வாங்கின ஹார்டனர் வண்டிப் பெட்டியில இருந்துச்சு மச்சான். உடையல. முழுசா இதுலதான் ஊத்தியிருக்கேன்."

அவர் ஏச்சை நிறுத்தினார். பையையே பார்த்தார். சுவரைப் பிடித்து எழுந்து, இடது கையால் டேப்பை எடுத்துவந்து, பல்லால் கடித்து அதன் காகிதத்தை உரித்தார். அவர் ஒரு கையாலும் நான் ஒரு கையாலுமாக ஒட்டினோம். முள் நின்றது. பிறகு மெதுவாக ஏறியது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நாளைக் காலைவரை என்றேன். அவளும் அவ்வளவு நேரம்தான் விடுவாளா என்று கேட்டார். இன்னும் அதிகமாக விடுவாள், அவளுக்கு அவசரமே கிடையாது என்றேன்.

அவர் மணிக்கட்டு முழங்கை அளவு வீங்கியிருந்தது. நல்ல கையால் என் சட்டைக் காலரைப் பிடித்தார். அவருக்கு இன்னும் தீரவில்லை. எனக்கும்தான்.

"இங்க வேணாம் மச்சான்," என்றேன்.

மேசையை ஒருமுறை பார்த்தார். காலரை விட்டார். அவர் முன்னாலும் நான் பின்னாலுமாகச் சமையலறைக்குள் போனோம். கதவைச் சாத்தினேன்.