பதினோரு பேருக்கு ஒரே சித்தப்பா

“அப்போ நடக்கக்கூடியதுக்கு ‘ஹோப்’, நடக்காததுக்கு ‘விஷ்’. அவ்வளவுதானே சாரே? இதுக்கா அரை மணி நேரம்?”

“அவ்வளவு மட்டும் இல்ல சேச்சி. ‘ஹோப்’ வந்தா வினை இருந்த இடத்துலயே நிக்கும். ‘விஷ்’ வந்தா ஒரு காலம் பின்னாடி போயிடும். இப்போ இல்லாததைச் சொல்லக்கூட இறந்தகாலம்தான். ஏங்குறவங்க பின்னாடிதானே பார்ப்பாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எல்தோ முந்தின நாளே யோசித்து வைத்திருந்தான். ஜின்சியோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதமங்கலத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், வெளிநாடு போகும் நர்ஸுகளை ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்வது எல்தோவின் வேலை. இருபத்தாறு வருடங்களை மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே கழித்தவன். பனியைப் பார்த்ததில்லை, பனி பெய்யும் ஊர்களின் தெருப் பெயர்கள் மட்டும் அத்துப்படி. ‘நீங்கள் மதிக்கும் ஒருவர்’ என்ற பேச்சுக் கேள்விக்கு மாதிரி விடை தேவைப்பட்டபோது, கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, கலங்கரை விளக்கம் காக்கும் ஒரு சித்தப்பாவைப் படைத்தான். அதில் மூன்று ‘ஹோப்’, நான்கு ‘விஷ்’. அவன் அதை இலக்கியம் என்று நினைத்தான். நர்ஸுகள் விடை என்று நினைத்தார்கள்.

போன மாதம் கொச்சியில் ஒரே நாளில் பதினோரு பேர் அந்தச் சித்தப்பாவை ஒப்பித்தார்கள். பதினோராவது ஆள் ஜின்சி. அரை மதிப்பெண்ணில் போயிற்று. சனிக்கிழமை மறுபடியும் தேர்வு. அதிலும் தவறினால், அயர்லாந்தில் அவளுக்கென்று வைத்திருக்கும் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

“‘உங்க சித்தப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்’னு பரீட்சை எடுத்த வெள்ளைக்காரம்மா சிரிச்சா சாரே. எந்திரிச்சு ஓடிடலாமான்னு இருந்துச்சு.”

எல்தோவுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரே நாளில் பதினோரு முறை வாசிக்கப்பட்ட எழுத்தாளன் இந்த ஜில்லாவில் வேறு யார்?

“இந்தத் தடவை நிஜமான ஆளைப் பத்திப் பேசுங்க. உங்க வார்டுல ஒருத்தர்கூட இல்லையா?”

ஜின்சி ஆங்கிலத்திலேயே, தட்டுத் தடுமாறிச் சொன்னாள்:

“பன்னெண்டாம் பெட்டுல பைலி சேட்டன். நாலு மாசமா தினம் காலைல முகம் மழிச்சு, சட்டை மாத்தி, பையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். இன்னைக்கு வீட்டுக்கு விட்டுடுவாங்கன்னு நம்பிக்கை. விடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நான் மட்டும் அங்க நர்ஸா இல்லாம இருந்தா, ஒரு ஆட்டோ பிடிச்சு அவரை வீட்டுல விட்டுட்டு வந்திருப்பேன்.”

ஒன்றிரண்டு வினைகள் இடறின. ஆனால் கிழவருக்கு ‘ஹோப்’பும் அவளுக்கு ‘விஷ்’ஷும் தானாக வந்து உட்கார்ந்துவிட்டன. தான் அரை மணி நேரம் எதற்காகப் பேசினோம் என்று எல்தோவுக்கே விளங்கவில்லை.

“இதான் சேச்சி. இதை இப்படியே சொல்லுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க.”

“நல்லாருக்கா?” ஜின்சியின் முகம் மலர்ந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். “அப்போ இதை உங்க இங்கிலீஷ்ல அழகா ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க சாரே. எனக்கு மட்டும், வேற யாருக்கும் காட்டாம. வெள்ளிக்கிழமைக்குள்ள மனப்பாடம் பண்ணிடுறேன்.”