பாதியில் நின்ற முள்

மாணிக்கம்மாள் காரின் முன்சீட்டில் உட்கார்ந்ததை மந்தாரக்குப்பம் அதுவரை பார்த்ததில்லை. கார் அவளுடையதுதான். கம்மாபுரம் பக்கத்தில் இருந்த ஆறு ஏக்கர் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது கைக்கு வந்த பணத்தில், புருஷன் செத்த வருஷமே, கொழுந்தன் கொளஞ்சியப்பன் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல் வாங்கியது. நாலு வருஷமாகப் பின்சீட்டில், வலது பக்கம், முதுகு சாய்மானத்தில் படாமல் உட்கார்ந்துதான் அவளுக்குப் பழக்கம். இன்றைக்கு அவளை முன்னால் ஏறச் சொன்னவன் பண்ருட்டியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் அப்துல் மஜீது.

"சாவியப் போட்டு ஒரு திருப்பு திருப்புங்கம்மா. வண்டியக் கெளப்ப வேணாம். பெட்ரோல் முள்ளு எங்க நிக்கிதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"நீ பாக்கறதுக்கு என்ன? கண்ணு தெரியலியா?"

"நான் பாத்துச் சொன்னா, அவரு கூட்டியாந்த ஆளு அவரு பக்கம்தான் பேசுவான்னுவீங்க. உங்க வாயாலயே வரட்டும்."

அவரு என்று மஜீது சொன்னது மருமகன் தனகோட்டியை. அவன் படலோரம் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். காலடியில் ஒரு தகரப் பெட்டி. பத்தரை மணிக்கு அவன் ஏற வேண்டிய பண்ருட்டி பஸ். காருக்கும் அவனுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் ஒதுங்கத் தெரியாமல், மகள் தமயந்தி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

மருமகன் முன்னால் மாமியார் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது மாணிக்கம்மாள் பிறந்த வீட்டு வழக்கம். நிலம் போய், ஊர் போய், கோயில் இருந்த இடத்தில் யந்திரம் மண்ணை வாரிக்கொண்டிருந்தபோதும் அதை அவள் விட்டுவிடவில்லை. தனகோட்டி வீட்டோடு வந்த மாப்பிள்ளை. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே கார். ஆனால் மூன்று வருஷத்தில் அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியில் போகும்போதுகூட "வடலூர் ஸ்டேஷனுக்குப் போவணும்னு சொல்லு" என்று பக்கத்தில் இருக்கும் தமயந்தியிடம்தான் சொல்வாள். தமயந்தி அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவன் கியரைப் போடுவான். மரியாதை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பெண்களிடம் அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்த மரியாதையின் லட்சணம் நேற்று நாற்பது பேர் நடுவில் தெரிந்தது. கொளஞ்சியப்பன் மகளுக்கு நிச்சயம். சேத்தியாத்தோப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர மாணிக்கம்மாளின் காரை அனுப்பியிருந்தார்கள். பத்து மணிக்கு வர வேண்டிய கார் பன்னிரண்டரைக்கு வந்தது. ஐப்பசித் தூறலில் முதலில் ஒரு வைக்கோல் வண்டி. அதில் பட்டுச்சேலையும் ஜரிகை வேட்டியும் நனைந்து, தலையில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார். பின்னால் இன்னொரு ஜோடி மாடு, அதன் நுகத்தடியில் கட்டிய கயிற்றில் கார். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனகோட்டி. மெயின் ரோட்டில் சைக்கிளில் போனவன் எல்லாம் இறங்கி நின்று பார்த்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன் வண்டியிலிருந்து குதித்து, வேட்டியை உதறிக்கொண்டே, பந்தலுக்கே கேட்கிறபடி, "எந்த ஊரு காருங்க இது, ரெண்டு மாடு பூட்டி ஓட்டறது?" என்றார். பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொளஞ்சியப்பனும் சிரித்தான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். முந்தின நாள் சாயந்திரம் அவளே பார்த்திருந்தாள். முள் பாதியில் இருந்தது. எழுத்துப் படிக்கத் தெரியாதவள் அவள். ஆனால் அந்த முள்ளைப் படிப்பாள். தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் பின்சீட்டில் ஏறி, சாவியைத் தமயந்தியை விட்டுத் திருப்பச் சொல்லி, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். ஆளுக்கு ஆள் பேச்சு மாறுவார்கள், முள் மாறாது என்று நம்பியிருந்தாள். அதனால் பந்தல் நடுவில் நின்று, தமயந்தியைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "பாதி டேங்க் பெட்ரோல் காலு மொளச்சி நடந்து போவாது. வழியில எறக்கி வித்த களவாணி யாருன்னு கேளு."

தமயந்தி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தனகோட்டி மடியிலிருந்து சாவியை எடுத்து வெற்றிலைத் தட்டில், பாக்குக்கும் மஞ்சளுக்கும் நடுவில் வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தான். ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் போய் மஜீதைக் கூட்டிவந்தான். திருடன் இல்லை என்று காட்டிவிட்டுத்தான் இந்தப் படலைத் தாண்டுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். அதுவே மாணிக்கம்மாளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. குற்றம் செய்தவன் போல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாதா, ஒரு மெக்கானிக்கை வேறு வாசலுக்குக் கூட்டிவந்து வேடிக்கை காட்டுகிறானே.

சாவியைத் திருப்பினாள். முள் ஆடி எழுந்து நின்றது.

"பாதி," என்றாள். ஜெயித்தவளின் குரல். "நல்லா பாரு. இப்பவும் பாதி."

மஜீது பின்னால் டிக்கியைத் திறந்து, அடித்தட்டு விரிப்பை விலக்கி, டேங்க்கின் வாயில் நீளமான ஒரு விளார்க்குச்சியை விட்டு எடுத்தான். அதைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினான். நுனிகூட நனையவில்லை. முகர்ந்தால் வாசனை மட்டும் வந்தது.

"டேங்க்ல ஒண்ணுமில்ல. முள்ளு பாதிங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. குச்சிக்கு எதுவும் ஆதாயம் இல்லீங்கம்மா."

அவள் குச்சியை வெளியே தள்ளிவிட்டு மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

மஜீது மறுபடி பின்னால் போனான். டேங்க்கின் தலையில் திருகியிருந்த வயரைக் கழற்றினான். "இப்ப?"

முள் சரசரவென்று மேலே ஏறி ஓரத்தில் முட்டியது. "ரொம்பிடுச்சி," என்றாள், தன்னையறியாமல்.

"ஒரு சொட்டு இல்லாம ரொம்பிடுச்சி. எனக்கும் இப்பிடி ஒரு டேங்க் இருந்தா தேவல." வயர் நுனியை வண்டியின் வெறும் இரும்பில் தொட்டான். "இப்ப?"

முள் விழுந்தது. சும்மா விழவில்லை, தள்ளிவிட்டது போல் விழுந்தது. மாணிக்கம்மாள் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ம்மா? சத்தத்தக் காணோம்?"

"கீழ வந்துடுச்சி."

"அப்ப முள்ளு நல்லாருக்கு, வயரு நல்லாருக்கு." வயரைப் பழையபடி டேங்க்கில் மாட்டினான். முள் மறுபடி பாதியில் போய் நின்றது. கையில் ஒரு முழம் கம்பியை எடுத்து, ஒரு முனையை டேங்க்கின் தலையில் சுரண்டி வைத்து அழுத்தி, மறுமுனையை வண்டியின் இரும்போடு சேர்த்தான். கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கீழ வந்துடுச்சி," என்றாள். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

மஜீது கைகளைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். "டேங்க்குலேர்ந்து கரண்டு இந்த வண்டி இரும்புக்கு எறங்கணும்மா. எறங்குனாத்தான் முள்ளு உள்ளத சொல்லும். நடுவுல தடுப்பு இருந்தா கூட்டிச் சொல்லும். தடுப்பு வேற ஒண்ணும் இல்ல, பெயிண்ட்டு. டேங்க்க எறக்கி, திருகாணி, வாரு, அது உக்கார்ற எடம் எல்லாத்துலயும் ரெண்டு கை கறுப்பு அடிச்சி மாட்டியிருக்கான். நல்ல வேலக்காரன். குத்தம் சொல்ல முடியாது. ஒரு எடம் உடல."

ஒரு இடம் விடக் கூடாது என்று சொன்னவள் அவள்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அதற்கு முன் வாரம் காரில் கூட வந்த ஒரு என்ஜினீயரின் மனைவி ஏறும்போது அடியில் துருவைப் பார்த்துச் சேலையைத் தூக்கிப் பிடித்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். அந்தக் கைக்குட்டை மூக்கை மாணிக்கம்மாள் மறக்கவில்லை. பெயிண்ட்டர் போதும் போதும் என்றும் கேட்காமல் டேங்க்கையே கழற்றச் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடிக்க வைத்தாள். அப்புறம் பத்து நாளாக முள் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. பெயிண்ட் அடித்த பிறகு கார் குறைவாகக் குடிக்கிறது என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் இருந்தாள்.

பெயிண்ட்டரை, என்ஜினீயர் மனைவியை, இந்த மஜீதை, எல்லோரையும் ஒரே மூச்சில் திட்ட வேண்டும் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் அந்த முதுகை. படலோரம் இன்னும் திரும்பாமல் நிற்கிற முதுகு.

"தமயந்தி," என்று கத்தினாள். "தெனம் ஓட்டற மனுஷனுக்கு முள்ளு கெட்டுப்போனது தெரியாதா? வாயத் தெறந்து சொல்றதுக்கு என்னன்னு கேளு!"

தனகோட்டி திரும்பினான். மாமியாரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான். "நான் சொல்லலியா? மூணு தடவ சொன்னேன். நேத்து காலையிலகூட சொன்னேன். உங்கிட்டதான சொன்னேன்?"

தமயந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முறுக்கிய முந்தானையை விட்டாள்.

"சொன்னாரும்மா. பெயிண்ட் அடிச்சதுலேர்ந்து முள்ளு பொய் சொல்லுது, அத நம்பிக்கினு போவ முடியாது, பெட்ரோல் ஊத்தணும்னு சொல்லச் சொன்னாரு. நான் பெட்ரோல் ஊத்தணுமாம்னு மட்டும் வந்து சொன்னேன். முள்ளு பாதியில நிக்கும்போது எதுக்கு ஊத்தணும், யாரு வூட்டுப் பணம்னு நீ கேட்ட. நான் அவருகிட்ட போயி, அம்மா அப்புறம் ஊத்திக்கலாம்னாங்கன்னு சொன்னேன்."

"ஏண்டி முழுசா சொல்லல?"

"முழுசா சொன்னா நீ என்ன பேசுவன்னு எனக்குத் தெரியாதா? நீ பேசறத நான் எப்பிடி அவருகிட்ட போயி சொல்லுவேன்? அங்க சொல்றத இங்க கொறச்சி, இங்க சொல்றத அங்க கொறச்சி, மூணு வருசமா வேற என்ன செஞ்சிக்கினு இருக்கேன் நான்?" அவள் குரல் உடையவில்லை. கோபம்தான் இருந்தது, அம்மாவின் கோபம் அப்படியே. "நேத்துதான் என்னால கொறைக்க முடியல. நாப்பது பேரு கேட்டுட்டாங்க."

மஜீது டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு உப்புத்தாளால் பெயிண்ட்டைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில், யாரும் கம்பி பிடிக்காமலேயே, முள் மெல்ல ஆடிக் கீழே போய்ப் படுத்தது. மாணிக்கம்மாள் அதை யாருக்கும் சொல்லவில்லை.

"உங்கம்மாகிட்ட சொல்லு," என்றான் தனகோட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு. "நான் களவாணி இல்லன்னு எனக்குத் தெரியும். இந்த மூணு பேருக்கும் தெரிஞ்சிடுச்சி. நேத்து கேட்டவங்களுக்குத் தெரியணும். அது நடக்காத வரைக்கும் இந்த வூட்டு சோறு எனக்கு எறங்காது. நீ வர்றதுன்னா வா, இல்லன்னா இரு."

மாணிக்கம்மாள் கதவைத் திறந்து இறங்கினாள். காரைச் சுற்றிக்கொண்டு அவனுக்கு எதிரில் போய் நின்றாள். தமயந்தி பதறி நடுவில் வந்தாள். மூன்று வருஷமாக முதுகும் பிடரியுமாகவே பார்த்த ஆள். இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். தாடையில் சவரக்கத்தி கிழித்த கோடு. காதோரம் நாலைந்து நரை. முப்பது வயசுக்குள் நரையா என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று. தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"மாப்ள."

அவன் நிமிரவில்லை. தமயந்தி பழக்கத்தில் வாயெடுத்தாள். "அம்மா என்ன சொல்றாங்கன்னா..."

"நீ சும்மா இரு. அவருக்குக் காது கேக்குது." மாணிக்கம்மாள் அவனிடமே சொன்னாள்: "சாவி வண்டியிலயே இருக்கு. சேத்தியாத்தோப்புக்குப் போவணும். அந்தத் தாய்மாமன் வூட்டு வாசல்ல எறங்கணும். வர்ற வழியில கொளஞ்சியப்பன் வூட்டுலயும் நிறுத்தணும். சொன்னவ வாயிதான் போயி சொல்லணும். வேற ஆளு விட்டு அனுப்பறதுக்கில்ல."

குரலில் கெஞ்சல் இல்லை, கனிவும் இல்லை. வேலைக்காரனை ஏவுகிற குரல் போலத்தான் இருந்தது. அது அவளுக்கே கேட்டது. மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

"போவறதுக்கு வண்டியில ஒண்ணுமில்லியே," என்றான் தனகோட்டி. குனிந்தபடிதான். ஆனால் அவளிடம்.

அவள் டிக்கிப் பக்கம் போய், மஜீதை விலகச் சொல்லி, மூலையில் கிடந்த தகர டின்னை வெளியில் எடுத்தாள்.

"குடுங்கம்மா, நான் போயி வாங்கியாறேன்," என்றான் மஜீது.

"உன் வேலையப் பாரு."

படலைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். பெட்ரோல் பங்க் ஒரு மைல். கார் வாங்கிய பிறகு அந்த ரோட்டில் அவள் கால் பட்டதில்லை. நேற்று மாடுகள் இழுத்து வந்த அதே ரோடு, குழிகளில் கரி கலந்த மழைத்தண்ணீர். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ, "ஏங்க, காரு எங்கே?" என்றான். யாரோ சிரித்தான். அவள் திரும்பவில்லை. முதுகை நிமிர்த்தி வைத்திருந்தாள். டின்னின் கம்பிப்பிடி விரலை அறுத்தது.

எதிரே பண்ருட்டி பஸ் சேற்றை இறைத்துக்கொண்டு வந்து அவளைக் கடந்து போயிற்று. கொஞ்ச தூரம் போய், அவள் வீட்டு வாசலண்டை இருக்கும் என்று நினைத்தாள், அது நிற்கிற சத்தம் கேட்டது. டின்னைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள். பின்னால் கண்டக்டரின் விசில் கேட்டது. அவன் ஏறினானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பிய இரைச்சல் தேய்ந்து மறையும்வரை அவள் நடையின் வேகத்தைக் குறைக்கவில்லை. காலி டின் மட்டும் முழங்காலில் மோதி மோதி சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.