மூட்டைக்கு இடமில்லை

காலையில் முதல் நடை கிளம்புவதற்கு முன்னால் கண்டக்டர் பஸ்ஸின் கைப்பிடிகளை எல்லாம் ஒரு துணியால் துடைத்துவிடுவாள். அது அவள் வேலை இல்லை. அதற்கென்று டிப்போவில் ஆள் இருக்கிறது. இருந்தாலும் புது வீட்டுக்குக் குடிவந்தவள் ஜன்னல் கம்பியைத் துடைப்பதுபோல அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

பழைய டீசல் பஸ்ஸில் அவள் பல வருஷம் ஓடியிருக்கிறாள். அந்தப் புகையிலேயே நின்று நின்று இருமல் அவள் நெஞ்சில் குடியேறிவிட்டது. மின்சார பஸ் வந்தபிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. "ராத்திரி இப்போ நிம்மதியா தூங்கறேன். இந்த பஸ்ஸை உனக்காக வாங்கினாங்களா, எனக்காக வாங்கினாங்களான்னே தெரியல" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

புது பஸ்ஸில் ஒரே ஒரு சங்கடம், அது சத்தமே போடாது. பழைய பஸ்ஸில் பின்சீட்டில் யார் என்ன பேசினாலும் இன்ஜின் விழுங்கிவிடும். இதில் யாராவது பெருமூச்சு விட்டால்கூட டிரைவர் வரைக்கும் கேட்கும். டிரைவர் வேறு வாயை மூடாத மனுஷன். "ஆஸ்பத்திரியில வண்டி ஓட்டற மாதிரி இருக்கு. இரும்பு அடிக்கிற மாதிரி ஓட்டிட்டிருந்தவனை இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று அவர் அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

அது வட்டத் தடம். ஏரிக்கரையில் புறப்பட்டு, குடியிருப்புகளைத் தொட்டு, காய்கறிச் சந்தை வழியாகப் போய், கடைசியில் திரும்பவும் ஏரிக்கரைக்கே வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் தொண்டர் குழு ஒன்று ஏறும். கரையிலும் தண்ணீரிலும் கிடக்கிற பிளாஸ்டிக்கையும் கந்தலையும் பொறுக்கிச் சுத்தம் செய்கிறவர்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் ஒரு பச்சைத் தொப்பிக்காரர். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முழங்கால்வரை சேறோடு அவர்கள் ஏறினால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். தரையில் சேறு காய்ந்து உதிரும். கண்டக்டர் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஏரி நாறிக்கிடந்த காலத்தை அவளும் பார்த்தவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் கையில் ஒரு பெரிய மூட்டையும் இருந்தது. நிறைய பாட்டில்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைப்பதற்காக எடுத்துப்போவதாகத் தொப்பிக்காரர் சொன்னார். பக்கத்து சீட்டு அம்மாள் அந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்" என்றாள்.

சந்தை நிறுத்தத்தில் ஒருத்தி ஏறினாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் வற்றிப்போன உடம்பு. முதுகில் அவளைவிடப் பெரிய சாக்கு மூட்டை. அதிலும் பாட்டில்கள்தான். ஏறும்போதே மூட்டை கதவில் இடித்தது. காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி அந்த அமைதியில் கடகடவென்று கேட்டது.

உள்ளே வந்த வாடைக்கு ஒருவர் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். அது திறக்காத ஜன்னல்.

"கண்டக்டர், இதெல்லாம் ஏத்தலாமா? ஏசி வண்டிங்க இது" என்றார் அவர். அவர் கேட்டதும் இன்னும் ரெண்டு மூன்று குரல் சேர்ந்துகொண்டது.

மூட்டைக்காரி கண்டக்டரைப் பார்த்தாள். "ஏரிக்கரைதான் அக்கா. பழைய சாமான் கடைக்காரன் மதியத்தோட மூடிட்டுப் போயிடுவான். அதுக்குள்ள போட்டாத்தான் இன்னிக்கு ஏதாவது வாங்கிட்டுப் போக முடியும்."

தொப்பிக்காரர் தன்மையான மனுஷர். அவர் அதட்டவில்லை. "அம்மா, தப்பா நினைக்காதீங்க. பொது வண்டி, குழந்தைங்கல்லாம் வர்றாங்க. சுகாதாரம்னு ஒண்ணு இருக்கில்லையா?" என்றார்.

அவள் அவர் காலடியில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். "அதுவும் இதேதானே சார்?"

"இது கழுவினதும்மா. கண்காட்சிக்கு."

"நானும் முன்னாடி ஏரிக்கரையிலதான் பொறுக்குவேன். வீடு அங்கதான், கடையும் அங்கதான். இப்ப நீங்க வந்து எல்லாத்தையும் எடுத்துடறீங்க. அதான் சந்தைக்கு வர வேண்டியிருக்கு." அவள் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. மழை பெய்ததால் வேறு வழியாக வந்தேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

சத்தமில்லாத அந்த பஸ்ஸில் அவள் வயிறு ஒரு முறை இரைந்தது. பக்கத்தில் நின்ற கண்டக்டருக்கு அது நன்றாகக் கேட்டது. முன்சீட்டுக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். மூட்டைக்காரி சட்டென்று வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள், ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவள்போல.

கண்டக்டர் மேலே பார்த்தாள். கூரையில் கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. புது பஸ்ஸுக்கு வந்த ஊழியர்கள் எல்லாரும் தற்காலிகம். புகார் வந்தால் முதலில் தடத்திலிருந்து எடுப்பார்கள். அப்புறம் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

"இறங்கிக்கோம்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"அடுத்த ஸ்டாப் வரைக்குமாவது?"

"கேமரா இருக்குதும்மா."

அவள் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினாள். கதவு தானாகவே மூடிக்கொண்டது. மதியம் டிப்போவில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கண்டக்டருக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மழை. சந்தை நிறுத்தத்தில் மூட்டைக்காரி நனைந்துகொண்டு நின்றாள். பஸ் வந்து நின்றும் அவள் ஏற வரவில்லை. மூட்டையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மற்றவர்களுக்கு வழிவிட்டாள். கண்டக்டரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏய், ஏறு. சீக்கிரம்."

"வேண்டாம் அக்கா. உங்களுக்குத்தான் பேச்சு வரும்."

"ஏறுன்னா ஏறேன்."

சக்கர நாற்காலிக்கென்று விட்டிருந்த காலி இடத்தில் மூட்டையைச் சாய்த்து வைத்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நான் எதையும் பாக்கல. எனக்கு ரோடு மட்டும்தான் தெரியும்" என்றார்.

கண்டக்டர் தன் டப்பாவை எடுத்து நீட்டினாள். முதலில் மறுத்தவள், பிறகு ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சாப்பிட்டாள். வேகமாக நாலு வாய். அப்புறம் கையை உள்ளே வைத்தபடியே நிறுத்திவிட்டாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"அவர் இருக்கார் அக்கா. கட்டட வேலையில விழுந்து இடுப்பு போச்சு. எழுந்திரிக்க மாட்டார். நேத்துலேர்ந்து ரெண்டு பேருக்கும் தண்ணிதான். மீதிய எடுத்துட்டுப் போகவா?"

"டப்பாவோட எடுத்துட்டுப் போ. அப்புறம் குடு."

அவள் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நல்ல காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று கண்டக்டர் நினைத்த நேரம் அது. ஒரு திருப்பத்தில் மூட்டை சரிந்தது. மழைத் தண்ணீரும் பாட்டில்களுக்குள் கிடந்த கசடும் கலந்து, கறுப்பாக, சீட்டுகளுக்கு அடியில் ஓட ஆரம்பித்தது. யாரோ காலைத் தூக்கினார்கள். யாரோ கத்தினார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணின் துணிப்பை தரையில் இருந்தது. குழந்தைக்கு மாற்றுத்துணி எல்லாம் அதில்தான். அத்தனையும் நனைந்துவிட்டது.

"இதுக்குத்தான் நாங்க டிக்கெட் எடுத்து வர்றோமா?" என்று அந்தப் பெண் அழாத குறையாகக் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மூட்டைக்காரி தரையில் மண்டியிட்டு, தன் மேல்துணியாலேயே துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு இளைஞன் போனில் படம் எடுத்தான். கண்டக்டர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அதையும் சேர்த்து எடுத்திருப்பான்.

ஏரிக்கரையில் அவள் இறங்கும்போது கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ சொன்னாள். கூச்சலில் அது காதில் விழவில்லை.

மறுநாள் டிப்போ அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அந்தப் படம் இருந்தது. கறுப்புத் தண்ணீர், மண்டியிட்ட பெண், கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற கண்டக்டர்.

"எனக்கு மட்டும் கல்நெஞ்சாம்மா? இது மேல வரைக்கும் போயிடுச்சு. உங்களைத் தடத்துல வெச்சிருந்தா என் தலை உருளும். கொஞ்ச நாள் வண்டி கழுவற பக்கம் இருங்க."

"சார், பின்னாடி ஒரு இரும்புக் கூண்டு வெச்சாப் போதும் சார். கீழ தண்ணி ஒழுகாம ஒரு தட்டு. இந்த மாதிரி மூட்டை எல்லாம் அதுல போயிடும். பழைய பஸ்ல மேல கூரையில கம்பித்தட்டு இருந்தது, போட்டுக்கிட்டாங்க. இதுல அவங்களுக்குன்னு எதுவுமே இல்லையே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நல்ல யோசனைதான். ஆனா யார்கிட்ட கேக்கணும்னு எனக்கே தெரியாதும்மா" என்றார்.

அவள் வண்டி கழுவப் போனாள். ஈரத்தில் நின்று நின்று இருமல் திரும்ப வந்தது.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பச்சைத் தொப்பிக்காரர் அவளைத் தேடிக்கொண்டு டிப்போவுக்கே வந்தார். தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது. டிரைவர்தான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"உங்களுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். உங்களைத் திரும்பத் தடத்துல போடச் சொல்லி எழுதிக் குடுக்கறேன்னு அதிகாரிகிட்ட சொல்லியிருக்கேன். என்ன பிரயோஜனம் இருக்குமோ தெரியல" என்றார். அப்புறம் தயங்கினார். "அந்த அம்மா அன்னிக்குச் சொன்னது காதுலயே இருந்துச்சு. நாங்க எடுக்கிற பாட்டிலை எல்லாம் இனிமே அவங்ககிட்டயே குடுத்துடலாம்னு கரைக்குப் போய்த் தேடினேன்."

"இருந்தாளா சார்?" என்று கேட்டாள், குழாயை நிறுத்திவிட்டு.

"இல்ல. ஏரி சுத்தமாயிடுச்சுன்னு கரையைச் சுத்தி நடைபாதை போடறாங்க. அந்தப் பக்கம் இருந்த குடிசை எல்லாம் எடுத்தாச்சு. கடையும் போயிடுச்சு. எங்க போனாங்கன்னு விசாரிச்சேன், ஒருத்தருக்கும் தெரியல. எழுந்திரிக்க முடியாத ஒருத்தரைத் தள்ளுவண்டியில படுக்க வெச்சுத் தள்ளிட்டுப் போனதைப் பார்த்ததா ஒருத்தர் சொன்னார்."

கண்டக்டர் குழாயைக் கீழே வைத்தாள்.

"நாங்க கெட்டது ஒண்ணும் செய்யலையேம்மா?" எல்லாருக்கும் எடுத்துச் சொல்லியே பழகின மனுஷர், இப்போது இவளிடம் கேட்டார்.

"நானும் செய்யல சார். பஸ் விட்டவங்களும் செய்யல. அந்தக் கைக்குழந்தைக்காரி கத்தினதும் தப்பில்ல. யாருமே கெட்டது செய்யல. ஆனா அவ பட்டினி கிடந்தா. வீடும் போச்சு." ஒரு இருமல் வந்து அவளை நிறுத்தியது. அது அடங்கியதும் சொன்னாள். "புகை இல்லாத வண்டி வேணும் சார். குப்பை இல்லாத ஏரியும் வேணும். எனக்கே வேணும். ஆனா பசிச்சவங்க நம்ம கண்ணுல படாம போறது சுத்தம் ஆகாது சார். அவங்களுக்கும் ஒரு வாய் சோறு, பஸ்ல மூட்டையோட ஒரு இடம் வெச்சாத்தான் அது சுத்தம். இல்லேன்னா நாம குப்பையோட மனுஷங்களையும் சேர்த்துக் கூட்டித் தள்ளறோம்."

அவர் தலையாட்டினார். "அடுத்த ஞாயிறு கால்வாய்ப் பக்கம் சுத்தம் பண்றதா ஏற்பாடு" என்றார், அதை இப்போது என்ன செய்வது என்று கேட்கிறவர்போல.

கண்டக்டர் குழாயைக் கையில் எடுத்தாள்.

"போங்க சார். நல்ல வேலைதான். ஆனா பையும் கையுறையும் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்க. அங்க யாரெல்லாம் இருக்காங்க, எதை வெச்சுச் சாப்பிடறாங்கன்னு கேட்டுட்டு வாங்க."