கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எட்டிப்பார்த்துத் திருடியது.

ஜெராக்ஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ஒரு படிவம். தலைப்பில் ‘முன்னாள் படைவீரர் உடற்குறைபாட்டுக் கோரிக்கை: இடைக்காலத் தீர்மானத்துக்குப் பதில்’ என்று அச்சடித்திருந்தது. கீழே நீல மையில் கைப்பட எழுதிய வரிகள். ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு அடித்திருந்தாள். அடித்த வரியைக் கண்டால் என் கண் தானாகப் போய்விடும், தொழில் புத்தி.

‘அவருடைய சட்டைகளுக்கு வலது கைக்குழியை ஒன்றரை அங்குலம் பெரிதாக வெட்டுகிறேன். அவருக்குத் தெரியாது.’

அவள் சட்டென்று திரும்பினாள். நான் மின்விசிறியை ஆராய்ச்சி செய்தேன். எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

தொடக்கம் ஒன்று: ‘மலைமுகட்டில் குண்டு வெடித்தபோது அவர் தன் தோழனைத் தோளில்—’

வேண்டாம். குண்டு வெடித்தால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் என் ஆள் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அவர் வலது தோளை உடைத்தது எதிரி இல்லை, லாரியின் பின்கதவு. சரக்கு இறக்கும்போது கொக்கி கழன்று மேலே விழுந்தது. பதக்கம் குத்த முடியாத காயம்.

தொடக்கம் இரண்டு: ‘தையல் இயந்திரத்தின் ஓசை அந்த வீட்டின் இதயத் து—’

சே.

தொடக்கம் மூன்று: ‘தபாலில் கடிதம் வந்தது.’ இது போதும்.

3

தபாலில் கடிதம் வந்தது. அவர் மனைவி டெய்லரம்மா ஒரு பள்ளிச் சீருடைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.* ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுப் பிரித்தாள். பணியின்போது தோளில் காயம்பட்டது உண்மை. ஆனால் பரிசோதனையில் வலது கை முழுமையாக இயங்குகிறது; ஆகவே தற்போது குறைபாடு ஏதுமில்லை. இது இடைக்காலத் தீர்மானம். முப்பது நாளுக்குள் புதிய ஆதாரம் தராவிட்டால் இதுவே இறுதி.

இறுதியாகிவிட்டால் ராணுவ மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு இடம் கிடைக்காது. அது நடக்காவிட்டால் ஒரு வருடத்தில் அந்தக் கை இடுப்புக்கு மேலே ஏறாது என்று எலும்பு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கடிதத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

“கை முழுசா இயங்குதாமே! யார் கையைப் பாத்துட்டு எழுதினாங்க?”

“என் கையத்தான்.”

“உள்ள என்னதாங்க நடந்துச்சு?”

“கையைத் தூக்குங்கன்னாங்க.”

“சரி.”

“தூக்கினேன்.”

“எது வரைக்கும்?”

அவர் கூரையைப் பார்த்தார்.

“வலிக்கலையா உங்களுக்கு?”

“வலிக்குதான்னு யாரும் கேக்கல. தூக்கத்தான் சொன்னாங்க.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பரிசோதனை முடிந்து அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் இரண்டு நாள் இடது கையால் சாப்பிட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு காதுவரை தூக்கியிருக்கிறார் மனிதர். பத்தொன்பது வருடம் சொன்னதைச் செய்து பழகிய உடம்பு, உத்தரவு என்றதும் செய்துவிட்டது.

* அவரை ‘அவர்’ என்றும் அவளை ‘அவள்’ என்றும் எழுதுவதில் எனக்கே உறுத்தல்தான். இரண்டு ‘அவர்’ வந்தால் நீங்கள் குழம்பிப்போவீர்கள். டெய்லரம்மா மன்னிக்கட்டும்.

4

முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு குமாஸ்தா இருக்கிறார். இந்தக் கதையில் எல்லாம் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான், என்னையும் சேர்த்துப் பார்த்தாலும். கடிதத்தை வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“சிரிக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்கம்மா. வாரத்துக்கு ரெண்டு பேர் இப்படி வர்றாங்க. போன மாசம் ஒருத்தர், முட்டி போனவரு. நடந்து காட்டுங்கன்னு சொன்னதும் அணிவகுப்புல போற மாதிரி விறைப்பா நடந்து காட்டிட்டாரு. டாக்டரே பாராட்டி அனுப்பிட்டாராம்.”

“இப்ப என்ன பண்றது?”

“கூட இருக்கிறவங்க வாக்குமூலம் ஒண்ணு வேணும். அவரால என்னென்ன முடியலன்னு நீங்க எழுதுங்க. கஷ்டப்படுறார், சிரமப்படுறார்னு மொட்டையா எழுதாதீங்க. நீங்க கண்ணால பாத்ததை எழுதுங்க. சந்தேகம் வந்தா மறுபரிசோதனைக்குக் கூப்பிடுவாங்க.”

அவள் எழுந்தாள். குமாஸ்தா கூப்பிட்டார்.

“இன்னொண்ணும்மா. எழுதினதை அவர் முழுசாப் படிச்சு, ‘படித்தேன், உண்மை’ன்னு கீழ கையெழுத்துப் போடணும். அது இல்லாம வாங்க மாட்டாங்க.”

அவள் முகம் மாறியதை அவர் கவனித்தார். அதற்கு ஏற்ற படிவம் அவரிடம் இல்லை.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். என் லாரிக்காரர் ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறாரோ? முந்தைய பிரதியில் அவரைக் கொஞ்சம் குடிக்க வைத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. அடுத்த பிரதியில் கத்த வைத்தேன். கத்தினார், ஆனால் என் குரலில் கத்தினார். விட்டுவிட்டேன். அவர் பிடிவாதக்காரர், அழுத்தக்காரர். மனைவி குளியலறைக் கதவருகே காத்து நின்றால்கூட, “ஒண்ணுமில்ல, வந்துட்டேன்” என்பார். வந்திருக்க மாட்டார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வாய் திறந்தால் தெருவே கேட்கும். ஆனால் அந்தத் தோளைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். அவர் ஒன்றுமில்லை என்பார், அவள் நம்பியதுபோல் இருப்பாள். பேசாமலேயே போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது.

இப்போது அதைத் தானே தாளில் போட்டு உடைக்கவேண்டும். சீப்பை அவர் தலைக்குக் கொண்டுபோவதில்லை, தலையைச் சீப்புக்குக் கொண்டுவருகிறார். மேல் அலமாரிச் சாமான் எல்லாம் மெதுவாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டது. இப்படிப் பன்னிரண்டு வரி எழுதினாள். சட்டை விஷயத்தை எழுதினாள், அடித்தாள். புதுப் படிவம் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். (அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.)

வீட்டுக்கு வந்து வெட்டுமேசையில் புதுப் படிவத்தை விரித்தாள். டாக்டரிடம் ஒரு கணக்கு இருக்கிறது, முழு இயக்கம் என்று. அவளிடமும் இஞ்சி டேப் பிடித்து எடுத்த அளவு ஒன்று இருக்கிறது. அதைவிட்டால் அவளுக்கு வேறு என்ன ஆதாரம்? அந்த வரியைத் திரும்ப எழுதினாள். இந்த முறை அடிக்கவில்லை.

6

முடிவு ஒன்று: அவர் கையெழுத்தை அவளே போட்டுவிடுகிறாள். (எழுதிப் பார்த்தேன். பேனாவைப் பிடித்தவள் என்னை ஒரு முறை முறைத்தாள். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவர் படித்துவிட்டுச் சுக்குநூறாகக் கிழித்தெறி—

கிழிக்க இரண்டு தோளும் ஒத்துழைக்கவேண்டும். எழுதிய பிறகுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்தது இது. காலை பத்துமணி வெயில் வெட்டுமேசையில் விழுந்திருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரசாங்க உத்தரவைப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவள் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். கடைசி வரியில் நின்றார். போட்டிருந்த சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுவுமா?”

“எல்லாமேதான்.”

“எத்தனை வருஷமா?”

“ஆறு.”

“நான் இளைச்சுட்டேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எது முதலில் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். “இதுல ஒண்ணு விட்டுப்போச்சு. எழுது.”

“என்ன?”

“ஸ்கூல் வேன் ஓட்டுறதை நிறுத்தினேன்ல.”

இரண்டு வருடம் முன்னால். போரடிக்கிறது என்றார். நல்ல வேலையைக் கொழுப்பெடுத்து விட்டுவிட்டார் என்று அவள் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

“முனையில வண்டியத் திருப்புறேன். கை பாதியில நின்னுருச்சு. ஸ்டீயரிங் சுத்தல. வேன் நடைபாதையில ஏறிருச்சு. மரத்துக்கு இவ்வளவு தூரத்துல நின்னுச்சு. பசங்க விளையாட்டுன்னு நெனச்சுக் கைதட்டினாங்க. எல்லாரையும் வீட்ல இறக்கிவிட்டு, சாவியக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? என்னென்ன பேச்சு பேசினேன் உங்களை!”

“எப்படிச் சொல்றது? உள்ள பதினாலு புள்ளைங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பதினாலு என்ற எண்ணை எழுத்தாலும் எழுதச் சொன்னார். பிறகு வாங்கி, ‘படித்தேன், உண்மை’ என்று கீழே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

7

மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்துவிட்டது. இருவரும் போயிருக்கிறார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் உள்ளே வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, எழுதினால் ஜெயிக்கவைத்துவிடுவேன். ஜெராக்ஸ் கடையில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு நிஜத்தில் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே கிடைத்ததோ இல்லையோ தெரியாத ஒன்றை நான் மேசையில் உட்கார்ந்து தாராளமாக வழங்கினால், அது திருட்டைவிட மோசம்.

அதனால் டாக்டரின் நாற்காலியை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். கோப்பு மேசைமேல் இருக்கிறது. வாக்குமூலம் இரண்டு பக்கம். படித்துவிடுங்கள், அவசரமில்லை.

கதவு திறக்கிறது. அவர்தான்.

முதலில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் உட்கார மாட்டார்.