வெள்ளிக்கிழமை மணி

பெரிய வியாழன் மாலை மதர் ஜெனரோசா இறந்துபோனார். அறுநூறு வருடங்களுக்கு முன் ஒரு ராணி கட்டிய எங்கள் ஊர் மடத்தில் அவர்தான் கடைசிக் கன்னியாஸ்திரீ. கடைசி ஆள் போனதும் மடம் அரசாங்கத்துக்குச் சேரும் என்பது சட்டம்.

பெல்மிரா அக்கா எட்டு வயதில் அங்கே வேலைக்கு வந்தவள். வேறு போக்கிடம் கிடையாது. தனக்குப் பிறகும் ஓர் அறையில் அவளை இருக்கவிடும்படி மதர் தலைநகர் லிஸ்பனுக்கு மனு எழுதியிருந்தார்.

வெள்ளி காலை ரொட்டி கொண்டுபோன என்னிடம் அக்கா விஷயத்தைச் சொன்னாள். இரவெல்லாம் உடலருகே விழித்திருந்த முகம்.

"செவ்வாய்க்கிழமை தபால் வந்துரும்டி. அதுவரைக்கும் மூச்சு விடாதே. அவங்க உயிரோட இருந்தாதான் மனு செல்லும்."

"மத்தியான மணி?"

"நான் அடிச்சுக்கறேன்."

தலையாட்டிவிட்டு வந்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தினமும் மதரே மணியடிப்பார். இரண்டு அடி, மூச்சு வாங்க ஓர் இடைவெளி, பிறகு மூன்றாவது. நண்பகலில் நான் கருவாட்டுக் கடையில் நின்றபோது அதே மணி, அதே இடைவெளியோடு கேட்டது.

கடை அப்படியே அடங்கியது. பெரிய வெள்ளியன்று எந்தக் கோயிலிலும் மணி ஒலிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். காலையில் அது எனக்கும் உறைக்கவில்லை.

"கிழவிக்கு நாள் மறந்துபோச்சா?" என்று கடைக்காரன் சிரித்தான்.

அவன் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். "சும்மா இருய்யா. மதர் உசுரோட இருந்தா இன்னிக்குக் கயித்தைத் தொடுவாங்களா?"

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வரி அலுவலக எழுத்தர் மீன் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

மூன்று மணிக்கு மடத்துக் கதவில் வரி அலுவலகத்தின் அரக்கு முத்திரை விழுந்தது. அக்கா ஒரு போர்வையோடு வெளியே வந்தாள்.

செவ்வாயன்று லிஸ்பன் கடிதம் வந்தது, மதர் பெயருக்கு. 'பெறுபவர் இறந்துவிட்டார்' என்றெழுதிப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள்.

மடத்துக் கற்கள் சாலை போடப் போயின. ஒரு வளைவும் மூக்குடைந்த சிலையோடு ராணியின் கல்லறையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே இப்போது ஆடு கட்டுகிறார்கள். அக்கா எங்கள் மாவு அறையில் படுத்துக்கொள்கிறாள். எதுவும் கேட்பதில்லை, காலையில் ஒன்றைத் தவிர.

"இன்னிக்கு என்ன கிழமைடி?"

சொல்கிறேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்கிறாள்.