ஆகாசத்தின் கால்கள்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவரை எல்லோரும் ஆகாசம் என்றுதான் கூப்பிட்டார்கள். டவர் கிரேன் ஓட்டுபவர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையைத் தொடுவார். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே. கீழே இருப்பவர்களோடு வயர்லெஸ்ஸில்தான் பேச்சு. ‘ஏத்து’, ‘இறக்கு’, ‘கொஞ்சம் இடது பக்கம்’. இப்படியே பேசிப் பேசி, மனிதர்களோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. மனைவி போனபின் வீட்டிலும் அதற்குத் தேவை இருக்கவில்லை.

அத்தனை உயரத்தில் ஒருநாளும் தவறாத கால், மழை ஈரத்தில் ஏணியின் கடைசிப் படியில் வழுக்கியது. இடுப்பளவு உயரம்கூட இல்லை. ஆனால் விழுந்த இடத்தில் இரும்புக் கம்பிக்கட்டு கிடந்தது. முதுகெலும்பில் ஒன்று நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் முடிந்து எலும்பு சேர்ந்தபின்னும் வலி மட்டும் குடிவந்த வீட்டைக் காலி செய்ய மறுத்தது. சாதாரண மாத்திரைகள் எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் வலிக்கென்றே இருக்கும் டாக்டரம்மா, மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதுவும் போதாமல் அளவைக் கூட்டினார். அப்புறம்தான் ஆகாசம் புரண்டு படுத்துத் தூங்கினார்.

சில வாரம் நிம்மதியாக இருந்தார். பிறகு ஒரு காலையில் செருப்பின் வார் புறங்காலில் ஏறவில்லை. குனிந்து பார்த்தார். கணுக்கால் எலும்பைக் காணோம். இரண்டு பாதமும் ஊறவைத்த ரொட்டிபோல் உப்பிக் கிடந்தன. கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்தபின்னும் குழி அப்படியே இருந்தது.

அப்பாவின் காலில் அந்தக் குழியைப் பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு இருதயம் கெட்டுப்போய், கால் வீங்கி, வீக்கம் மேலே ஏறி, ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கழிப்பறைக்கு நடந்ததுதான் மிச்சம். வீக்கம் இறங்கவில்லை, முழங்காலைத் தொட்டது. இனி அதிக நாள் இல்லை என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், சொல்வதற்குத் தங்கையைத் தவிர யாரும் இல்லை.

தங்கை அதே ஊரின் இன்னொரு மூலையில் இருந்தாள். ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. அண்ணன் தங்கைக்குள் சண்டை என்று எதுவும் இல்லை, போக்குவரத்துதான் இல்லை. அவர் மனைவி காலமானபோது வந்தாள். அதன்பின் இவரும் போகவில்லை, அவளும் வரவில்லை.

“கால் வீங்கியிருக்கு,” என்றார் போனில்.

“எந்தக் கால்?”

“ரெண்டும். அப்பாவுக்கு இருந்த மாதிரி.”

அன்று சாயங்காலமே வேலை உடுப்போடு வந்து நின்றாள். சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலையும், இடுப்பில் கட்டும் பட்டையையும் பார்த்தாள்.

“இது என்ன?”

“முதுகு உடைஞ்சுது. ஆபரேஷன் பண்ணாங்க.”

“எப்ப?”

சொன்னார். அவள் முகம் மாறியது.

“முதுகு உடைஞ்சப்ப என் ஞாபகம் வரல. கால் வீங்கினதும்தான் வந்துச்சா? நல்லா இருக்குண்ணா உங்க நியாயம்.”

திட்டிக்கொண்டே தலையணைகளை அடுக்கி அவர் கால்களைத் தூக்கி வைத்தாள். திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். அப்பாவுக்கு அம்மா சமைத்ததுபோலவே உப்பில்லாமல் சமைத்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் அவர் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அவளுடைய விரல் நீராவியிலும் சோப்பிலும் ஊறி வெளுத்திருக்கும்.

“யானைக்குக்கூட இதைவிடக் கால் அழகா இருக்கும்,” என்பாள்.

“யானைக்கு நீ சமைச்சுப் போடல. அதான்.”

இருவரும் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். அவர் கோபம், அவர் குறட்டை, கடன்கொடுத்தவன் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று அவரே ‘அவர் வீட்ல இல்ல’ என்று சொன்னது. ஆகாசம் வாய்விட்டுச் சிரித்தார். சாகப்போகிறவனுக்கு இப்படிச் சாயங்காலங்கள் வாய்க்கும் என்றால் சாவு அப்படியொன்றும் மோசமில்லை என்றுகூட நினைத்தார்.

தங்கைதான் விரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இருதயத்தைப் பார்த்தார்கள். சிறுநீரகம், ஈரல், காலின் ரத்தக் குழாய் எல்லாம் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவர் தனியாகத்தான் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தார்.

“உங்க இருதயம் நல்லா இருக்கு. மத்ததும் நல்லா இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “வீக்கம் எப்ப ஆரம்பிச்சுது? நான் மாத்திரையைக் கூட்டினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி.”

“அப்ப அதுதான். இந்த வகை மாத்திரை அபூர்வமா சிலருக்கு உடம்புல தண்ணிய தேக்கி வச்சிடும். ரொம்பப் பேருக்கு வராது. உங்களுக்கு வந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு வேற மாத்திரைக்கு மாத்தலாம். நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, அது வேற வம்பு. வலி கொஞ்சம் கூடலாம்.”

“நான் சாகலையா?”

“இப்போதைக்கு அந்த எண்ணம் இல்ல,” என்று சிரித்தார் அவர்.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது ஆகாசத்துக்கு நெஞ்சு காலியாக இருந்தது. இதைச் சொன்னால் தங்கை வருவாளா? நல்லாயிருக்கிறவனைப் பார்க்க யார் இரண்டு பஸ் மாறி வருவார்கள்?

சாயங்காலம் அவள் கேட்டாள். “இன்னும் ஏதோ டெஸ்ட் பாக்கணுமாம்,” என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளும் அதையே சொன்னார். மாத்திரையின் அளவு குறையக் குறைய வீக்கம் இறங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவள் அழுத்தியபோது குழி விழவில்லை.

“பாத்தீங்களா, உப்பில்லாத சாப்பாடு என்ன பண்ணுதுன்னு?” அவள் கண் கலங்கியிருந்தது. “அப்பாவுக்குப் பண்ண முடியல. உங்களுக்காவது பண்ணிட்டேன்.”

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை, டாக்டரம்மா, மறைத்தது, ஏன் மறைத்தார் என்பது, எல்லாம்.

அவள் கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

“அப்ப என் சமையலுக்கு இதுல பங்கே இல்லையா?”

“இருக்கு. நாக்கு செத்துச்சு.”

சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

“நான் தினமும் எப்படி பயந்துகிட்டே பஸ்ல வந்தேன் தெரியுமா?” என்றாள்.

“தெரியும். தப்புதான். கால் சரியாயிடுச்சு, ஆனாலும் வான்னு கேக்கத் தெரியல எனக்கு.”

“வருவேண்ணா,” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். “தினமும் முடியாது. எனக்கும் வீடு இருக்கு.”

வாரம் ஒருமுறை வந்தாள். பிறகு ஹோட்டலில் ஆள் குறைந்து, ஞாயிறும் வேலை வந்தது. ஆகாசத்தின் முதுகில் வலி பழையபடி இல்லாவிட்டாலும் பாதியளவுக்குத் திரும்பி வந்திருந்தது. வீக்கமா வலியா என்று கேட்டால் வலியே பரவாயில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். வீக்கம் வந்தால் தங்கை மறுபடி பயந்துகொண்டே பஸ் ஏறுவாள். கிரேனில் இனி ஏற முடியாது என்பதை மட்டும் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

தொடர்ந்து இரண்டு வாரம் அவள் வராதபோது அவர் கிளம்பினார். இரண்டு பஸ் மாறுவது லேசான காரியமில்லை என்பது இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டு போனபோது தெரிந்தது. அவள் குடியிருந்த கட்டடத்தில் கதவு எண் தெரியாமல் நான்கு கதவுகளைத் தவறாகத் தட்டினார். ஐந்தாவது கதவைத் திறந்த தலைநரைத்த ஆள், “யாரு வேணும்?” என்றார்.

“மாப்பிள்ளை, நான்தான்.”

தங்கை கணவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அவசரமாக விலகி வழிவிட்டார். “மச்சானா? அடையாளமே தெரியல. வாங்க, வாங்க. இப்பத்தான் வேலை முடிச்சு வந்து படுத்தா. எழுப்பறேன்.”

“வேணாம். தூங்கட்டும்.”

சோபாவில் தங்கை வேலை உடுப்போடு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் குறட்டை. மாப்பிள்ளை டீ போடப் போனார். ஆகாசம் எதிர் நாற்காலியில் முதுகைப் பார்த்துப் பார்த்துச் சாய்த்து உட்கார்ந்தார். அவள் விழித்தால் என்ன பேசுவது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்று காத்திருந்தார்.